பழசு மேல புதுசு ஒட்டாது

எங்கள் ஊரின் பெயர் எப்போதும்வென்றான். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற நாற்கரச் சாலையில், எட்டயபுரம் தாண்டிய பிறகு பெயர்ப்பலகை வரும். முதல் தடவை படிக்கிறவர்கள், 'உங்க ஊர்ல யாரும் தோக்கவே மாட்டீங்களா?' என்று கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்துவைப்பேன். ஆனால், அண்ணன் தம்பி சண்டைக்கு இந்தப் பெயர் ஆகாது. இரண்டு பேருமே எப்போதும் வெல்லப் பார்த்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டைக் கேளுங்கள்.

போன புரட்டாசியில் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் வீட்டு முன்னறை ஜன்னலைச் சுற்றி வேலை நடந்துகொண்டிருந்தது.

கரிசல் காட்டில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், இங்கே சுவர் வெடிப்பது மண்ணின் குணம் என்று. இந்த மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தாது இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரைக் குடித்து உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கி, கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரத்தைக் கரிசலுக்குக் கீழே கெட்டித் தரை வரைக்கும் இறக்காவிட்டால், வீடும் மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். சுவரில் எந்த இடம் பலவீனமோ, அங்கே விரிசல் கிளம்பும். பெரும்பாலும் அது ஜன்னல் மூலை.

இதற்கென்றே அடியில் குமிழ்போல அகன்ற ஒரு தூண் அஸ்திவாரத்தை ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் மண்ணுக்கேற்ப வளர்த்தெடுத்தது. எங்கள் அப்பாவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? கையில் இருந்த காசுக்குத் தோண்டினார், கட்டினார்.

வெடிப்பை அடைத்துப் பார்த்து சலித்துப்போன அண்ணன் மகன், சில வருடங்களுக்கு முன்பு ஒரு காரியம் செய்தான். விரிசல் தெரியாமல் இருக்க, உள்சுவரில் ஜிப்சம் போர்டு ஒட்டினான். ஜன்னல் விளிம்பைச் சுற்றி சிலிக்கான் அடித்தான். வீடு புதுசாகிவிட்டது. விரிசல் எங்கே போகும்? போர்டுக்குப் பின்னால் நிம்மதியாக வளர்ந்தது. அதன் வழியாக மழைத் தண்ணீர் இறங்கியது. போர்டு ஊறி, வீங்கி, பூஞ்சை பிடித்துக் கழன்றது.

நான் போன அன்று கொத்தனார் போர்டைப் பெயர்த்துவிட்டு, சுவரில் கட்டி கட்டியாக ஒட்டியிருந்த பசையை ஈரத்துணி போட்டு ஊறவைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரத்து சிலிக்கானை பிளேடால் இரண்டு பக்கமும் கீறி, நாடாபோல உருவினார். மிச்சத்தைக் கையாலேயே சுரண்டினார். பார்க்கிற எனக்கே அலுப்பாக இருந்தது.

"அதுக்கு மேலயே புதுசா ஒரு கோட்டு அடிச்சா என்ன?" என்று கேட்டேன்.

"பழசு மேல புதுசு ஒட்டாது சார். ஒட்டுன மாதிரி இருக்கும். ரெண்டு மழைக்கு உரிஞ்சி வந்துரும்."

உண்மைதான். இறுகிப்போன சிலிக்கான் மேல் பெயின்ட் நிற்காது; புது சிலிக்கான்கூட சரியாகப் பிடிக்காது.

அப்புறம் அவர் உளியை எடுத்து விரிசலைக் கொத்த ஆரம்பித்தார். பதறிப்போய், "ஏன் பெரிசாக்குறீங்க?" என்றேன். "உள்ள நல்ல சுவர் வர்ற வரைக்கும் திறக்கணும். அப்பத்தான் அடைக்கிறது நிக்கும்" என்றார். "ரொம்பக் கொத்துனா செங்கல் போயிரும். பசைய எடுக்கணும். சுவர எடுக்கக் கூடாது."

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காரணம் இருக்கிறது. பதினோரு வருடங்களுக்கு முன்பு அம்மா இறந்த மூன்றாம் நாள், சொந்தக்காரர்கள் நடுவில் எங்களுக்குள் வார்த்தை முற்றியது. "பணம் அனுப்பினா மட்டும் போதுமா?" என்றார் அண்ணன். நான் பதிலுக்குச் சொன்னேன்: "இந்த வீட்டை எடுத்துக்கிடத்தானே அம்மாவைப் பாத்துக்கிட்ட?" அண்ணனை நான் ஒருமையில் பேசியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

ஒரு வருடம் பேச்சில்லை. அப்புறம் ஒரு கல்யாண வீட்டில், "சரி விடுங்கண்ணே, எல்லாத்தையும் மறந்துருவோம்" என்றேன். அவரும் தலையாட்டினார். அதற்குப் பிறகு பொங்கலுக்கு போன், விசேஷத்துக்குப் பணம், 'சாப்பிட்டியா' விசாரிப்பு. போர்டு ஒட்டியாகிவிட்டது.

அன்று மாலை கொத்தனார் போன பிறகு, வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். "அண்ணே, அன்னைக்கு வீட்டைப் பத்திச் சொன்னேன்ல, அது தப்பு. நான் வந்து பாக்கலைங்கிற குத்த உணர்ச்சியில உங்க மேல பழி போட்டேன்."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கடைசி வாரம் அம்மா உன்னைக் கேட்டா. ரெண்டு மூணு தடவை கேட்டா. எனக்கு உன் மேல கோவம். உனக்கு போன் பண்ணிச் சொல்லல."

அன்று இரவு நான் தூங்கவில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எதற்காக வாயைத் திறந்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. மன்னிப்புக் கேட்கப்போன இடத்தில், எனக்குத் தெரியாமலே இருந்திருக்கக்கூடிய ஒரு காயத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேனே! 'பழசைக் கிளறாதே' என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தானோ?

இந்தக் கேள்வி குடும்பங்களுக்கு மட்டுமல்ல, தேசங்களுக்கும் வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்ததும் 1995-ல் சட்டம் போட்டு, உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தை அமைத்தார்கள். தலைவர், பேராயர் டெஸ்மண்ட் டுட்டு. அரசியல் காரணத்துக்காகக் குற்றம் செய்தவர், செய்ததை முழுக்கச் சொன்னால்தான் பொதுமன்னிப்பு. எல்லோருக்கும் அது திருப்தி தரவில்லை. போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தினர், 'எங்களுக்கு வேண்டியது நீதி' என்று கோர்ட்டுக்கே போனார்கள், 1996-ல் தோற்றார்கள். உண்மையைச் சொல்வதே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், சொல்லாமல் எதுவும் தொடங்காது என்று அந்த தேசம் நினைத்தது.

விடியற்காலையில் இன்னொரு சந்தேகமும் வந்தது. அப்படியானால் இத்தனை வருட 'சாப்பிட்டியா' எல்லாம் நடிப்பா?

தஞ்சைப் பெரிய கோயில் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை, 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்துச் சொன்னார். பின்னாளில் தொல்லியல் துறையினர் மேல் அடுக்கைச் சுரண்டிக் குப்பையில் போடவில்லை. பக்குவமாகப் பிரித்தெடுத்து, தனியே பதித்துப் பாதுகாத்தார்கள். அடியில் இருப்பது உண்மை என்பதற்காக மேலே இருப்பது பொய்யாகிவிடாது. அண்ணன் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதும் நிஜம்தான். அம்மா கேட்டதைச் சொல்லாததும் நிஜம்தான்.

நாம் 'மறந்துருவோம்' என்று சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. யார் என்ன செய்தோம் என்று சொல்லாமலே தப்பித்துக்கொள்ளலாம். நான் அதைச் சொன்னது பெருந்தன்மை என்று பத்து வருடங்களாக நினைத்திருந்தேன். அது சோம்பேறித்தனம். என் வார்த்தையை நான் எடுக்காமல், அதன் மேலேயே அன்பைப் பூசியிருக்கிறேன். எடுக்க வேண்டியது என் பங்குப் பசையை மட்டும்தான். அண்ணனுடையதை அண்ணன் எடுத்தார், நான் கேட்காமலே. 'நீ என்ன செஞ்சே தெரியுமா?' என்று நான் ஆரம்பித்திருந்தால், அது சுவரைக் கொத்துகிற வேலையாகியிருக்கும்.

மறுநாள் கொத்தனார் ஜன்னல் ஓரத்தைத் துடைத்துக் காயவைத்து, இழுபடுகிற ஒரு பசையை நிரப்பினார். "சிமென்ட் வச்சா கெட்டியா இருக்காதா?" என்றேன்.

"கெட்டியா இருந்தா மறுபடி வெடிக்கும் சார். மண்ணு சும்மா கெடக்காதுல்லா? அது அசையுறப்ப இதுவும் கொஞ்சம் குடுக்கணும்."

ஐப்பசியில் ஊரில் நல்ல மழை. அண்ணனுக்கு போன் செய்து ஜன்னலை விசாரித்தேன். "லேசா இழுத்திருக்கு. ஆனா, விடல" என்றார். அப்புறம் அம்மா கடைசி வாரத்தில் என்னவெல்லாம் பேசினாள் என்று கேட்டேன். சொன்னார். அரை மணி நேரம் சொன்னார். சில இடங்களில் எனக்கு வலித்தது. போனை வைக்கத் தோன்றவில்லை.

உங்கள் வீட்டிலும் 'அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு' என்று போர்டு அடித்து மூடிய ஒரு சுவர் இருக்கலாம். தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால், அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் பக்கத்தை மட்டும் சுரண்ட ஆரம்பியுங்கள். என் அளவுக்குத் தாமதம் செய்யாதீர்கள். நான் கேட்டுத் தெரிந்துகொண்டபோது, பதில் சொல்ல அம்மா இல்லை.