பாதமும் பார்வையும்: திரைப்படம் எழுப்பும் ஓர் அறவினா

யாழ்ப்பாணத்துச் சைவத் திருமணங்களில் மணமகன் மணமகளின் பாதத்தைத் தன் கையாற் பற்றி அம்மிமீது வைத்து, அதன் விரலில் மெட்டி அணிவிக்கும் சடங்கு உண்டு. உற்றார் உறவினர் சூழ்ந்திருக்க, குருக்கள் மந்திரம் ஓத, ஆடவன் ஒருவன் குனிந்து பெண்ணொருத்தியின் காலைத் தொடுகின்றான். அவையிலுள்ளோர் எவரும் நகைப்பதில்லை, முகஞ் சுளிப்பதுமில்லை. அதே ஆடவன் பிறிதொரு வேளையில், பெண்ணின் பாதமே ஏனைய உறுப்புக்களினும் மிகுதியாகத் தன்னைக் கவர்கின்றது என்று வாய்விட்டுக் கூறுவானாயின், அதே அவையின் முகம் மாறிவிடும். தொடுகை ஒன்றே, அதற்கு இடப்படும் பெயர் வேறு. சடங்கு எனும் பெயருக்கு மதிப்பும், இச்சை எனும் பெயருக்கு இழிவும் வந்து சேர்கின்றன. இவ்விழிவு நியாயமானதா என்பது அறவியல் சார்ந்த வினாவாகும். பெருந்தொகையான மக்களைச் சென்றடையும் திரைப்படம் அவ்வினாவுக்குத் தன் போக்கில் விடை கூறிவந்துள்ளமையால், அவ்விடையை ஆராய்தல் பொருத்தமுடைத்து.

தமிழர் பண்பாட்டிற் பாதம் பெற்றுள்ள இடம் விந்தையானது. உடலுறுப்புக்களுள் அதனினும் உயர்ந்ததுமில்லை, அதனினும் தாழ்ந்ததுமில்லை. இறைவனைக் குறிக்கத் 'திருவடி' என்ற சொல் ஒன்றே போதும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஆடவர் வெண்மணலிற் பிரதட்டை செய்வதும் மகளிர் அடியழிப்பதும் அவ்வடியை நாடியே. மறுபுறத்தில், இருக்கு வேதத்துப் புருட சூக்தம் சூத்திரரைப் புருடனின் பாதத்திலிருந்து பிறந்தோராகக் கூறுகின்றது. தமிழகக் கிராமங்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் உயர்சாதியினர் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையிலேந்திச் செல்லுமாறு நிர்ப்பந்திக்கப்பட்டனர். கால் தவறிப் பிறர்மேற் பட்டுவிடின் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றோம். இறைவன் பாதம் தலைமேற் கொள்ளத்தக்கது. மனிதன் பாதம் மன்னிப்புக் கேட்கத்தக்கது. இவ்விரண்டிற்கும் நடுவே, ஒருவர் விரும்பத்தக்க சாதாரண மனித உறுப்பாகப் பாதம் நிற்பதற்கு இடமே விடப்படவில்லை.

இலக்கிய மரபும் இவ்வேறுபாட்டைப் பேணியது. தெய்வத்தை அடிமுதல் முடியீறாக வருணிப்பது பாதாதிகேசம். மானிடரை முடிமுதல் அடியீறாக வருணிப்பது கேசாதிபாதம். இம்முறைமையைத் திரைப்படம் ஓசையின்றித் தலைகீழாக்கிற்று. ரீகல், வின்ட்சர், ராணி, மனோகரா முதலிய யாழ்நகர்ப் படமாளிகைகளிலே தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்த தலைமுறையினர், கதாநாயகியின் வருகை எத்துணை முறை கொலுசணிந்த பாதமொன்றிலே தொடங்கியது என்பதை அறிவர். கமெரா முதலிற் காலைக் காட்டும். பின்னர் மெல்ல மேலேறி முகத்தை அடையும். தெய்வத்துக்குரிய வரிசை மானிடப் பெண்ணுக்கு வழங்கப்பட்டமையை எவரும் குறையாகக் கொள்ளவில்லை. 'தில்லானா மோகனாம்பாள்' (1968), 'சலங்கை ஒலி' (1983) போன்ற படங்களில் ஆடும் பாதத்தின்மேல் விழும் பார்வைக்குக் கலை இரசனை என்று பெயர். 'பூம்புகார்' (1964) படத்தின் காற்சிலம்பு கற்புக்கும் நீதிக்கும் சான்றாகின்றது. பாதத்தைக் காட்டுவதற்குத் தமிழ்த்திரை ஒருபோதும் கூசியதில்லை. ஏன் காட்டுகின்றோம் என்று சொல்லவே அது கூசுகின்றது.

பெயரிடும் வேலையை மேற்குலகின் மருத்துவம் செய்தது. கிராஃப்ட் எபிங் 1886இல் வெளியிட்ட நூல் பாலியல் விருப்பங்களை நோய்களாக நிரைப்படுத்திற்று. மறு ஆண்டு அல்பிரெட் பினே 'ஃபெடிஷ்' என்ற சொல்லை இத்தகைய விருப்பத்துக்கு வழங்கினார். 1927இற் பிராய்ட் அதனைப் பற்றித் தனிக்கட்டுரை எழுதினார். அச்சொல்லின் பிறப்பு நோக்கற்பாலது. மேற்கு ஆபிரிக்க மக்கள் வழிபட்ட பொருள்களைச் சூனியப் பொருள் என்ற கருத்திற் போர்த்துக்கேய வணிகர் அழைத்த சொல்லின் திரிபே அது. 1619 தொடக்கம் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டு, இங்குள்ள கோயில்களை இடித்தவரும் அப்போர்த்துக்கேயரே. பிறரது வழிபாட்டை இகழப் பிறந்த சொல் பின்னர் பிறரது விருப்பத்தை இகழப் பயன்பட்டது. மருத்துவம் இன்று அந்நிலையில் இல்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, தனக்குக் கடுந்துயரையோ பிறருக்குத் தீங்கையோ விளைவிக்காத வழக்கமல்லாத விருப்பம் நோயன்று எனப் பிரித்துரைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைப்படுத்திய வகைப்பாடு அதனை நோய்ப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது.

திரைப்படமோ பழைய பட்டியலைக் கைவிடவில்லை. விருப்பத்துக்குப் பெயர் வந்தவுடன் அது இரண்டிலொரு வழியை நாடுகின்றது: நகைப்பு அல்லது அச்சம். 'தெயார்ஸ் சம்திங் எபவுட் மேரி' (1998) என்ற ஹொலிவூட் நகைச்சுவைப் படத்திலே கதாநாயகியின் முன்னாட் காதலன் அவளுடைய சப்பாத்துக்களைத் திருடுபவன். அரங்கு சிரிப்பதற்கென்றே படைக்கப்பட்டவன். லூயி புனுவல் மெக்சிக்கோவில் எடுத்த 'எல்' (1953) இதற்கு எதிர்முனை. பெரிய வியாழனன்று தேவாலயத்தில் குருவானவர் பிறர் கால்களைக் கழுவி முத்தமிடுகின்றார். பக்தியிற் பெயர்பெற்ற செல்வந்தன் ஒருவனின் கண்கள் அவ்விடத்திலிருந்து நழுவி, அங்கு நின்ற பெண்ணொருத்தியின் பாதங்களில் நிலைகுத்துகின்றன. அவளை மணந்தபின் சந்தேகப் பேயாக மாறி அவளை வதைக்கின்றான். வழிபாட்டுக்கும் இச்சைக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு கண்ணசைவே என்பதைப் புனுவலைப் போல் எவரும் துணிந்து காட்டியதில்லை. ஆயினும் அவரும் இவ்விருப்பத்தைப் பித்தனிடமே ஒப்படைத்தார்.

இந்நகைப்பு எதனைக் குறித்தது? கழுத்தையோ கூந்தலையோ விரும்புபவனை எவரும் நகைப்பதில்லை. பாதத்தை விரும்புபவன் தாழக் குனிய வேண்டியிருக்கின்றது. ஆண் உயரவும் பெண் தாழவும் வைக்கப்பட்ட நிலமானிய ஒழுங்கில், ஆண் தலை பெண்ணின் காலடிக்குச் செல்வதே குற்றம். தமிழ்ப் படங்களில் மனைவியின் காலில் விழும் கணவன் நகைச்சுவைப் பாத்திரமாகவே பெரும்பாலும் வருகின்றான். எனினும் பழைய இலக்கணம் இவ்வளவு இறுக்கமாக இருக்கவில்லை. புலவிக் காலத்திலே தலைவி உயர்ந்து நிற்றலும் தலைவன் பணிந்து நிற்றலும் பொருந்தும் எனத் தொல்காப்பியப் பொருளியல் இடந்தருகின்றது. கீதகோவிந்தம் பாடிய ஜயதேவர், இராதையின் பாதத்தைத் தன் தலைமேல் வைக்குமாறு கண்ணன் இரப்பதாக எழுத அஞ்சி நீராடச் சென்றாராம். கண்ணனே அவருருவில் வந்து அவ்வடியை எழுதிச் சென்றானாம். புலவன் கூசிய இடத்திலே தெய்வம் கூசவில்லை என்பது கதை. அதிகாரத்தின்முன் பணிதலைக் குறித்து நமக்குக் கூச்சம் இல்லை என்பதையும் சேர்த்து நோக்கல் வேண்டும். ஜெயலலிதா முதலமைச்சராயிருந்த காலத்தில் அமைச்சர்கள் அவர் காலில் வீழ்ந்து வணங்கிய காட்சியைக் கண்டு நகைத்தவர் உண்டு. அவர்களை நோயாளர் என்றவர் இல்லை.

நகைப்பை மட்டும் கண்டித்து அமைவதும் தவறாகும். 'பூமராங்' (1992) படத்தில் எடி மேர்பியின் பாத்திரம், உறங்கும் பெண்ணின் போர்வையை விலக்கிப் பாதங்களைப் பார்த்து, அவை அழகற்றவை எனக் கண்டு அவளைக் கைவிடுகின்றது. அரங்கு சிரிக்கின்றது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் வெளிவந்த கமால் அம்ரோஹியின் 'பாகீசா' (1972) இந்திப்படத்திலும் ஓர் ஆடவன் உறங்கும் பெண்ணின் பாதங்களைப் பார்க்கின்றான். இரவுப் புகையிரதத்திலே தவறிவந்து ஏறிய பெட்டியில், சாஹிப்ஜான் என்னும் கணிகை துயில்கின்றாள். அவளது பாதங்கள் மிக அழகியவை, அவற்றை நிலத்தில் வைத்து மாசுபடுத்தவேண்டாம் என்ற கருத்தில் ஒரு கடிதம் எழுதிக் காலடியில் வைத்துவிட்டு இறங்கிவிடுகின்றான். அரங்கு உருகுகின்றது, அக்கடிதம் இந்தியத் திரையின் காதற் காட்சிகளுள் நிலைபேறு பெற்றுவிட்டது. இரண்டு படத்திலும் பார்ப்பவன் விழித்திருக்கின்றான், பார்க்கப்படுபவள் உறங்குகின்றாள். அவளைக் கேட்டவர் இல்லை. முன்னது கொச்சை, பின்னது கவிதை என்ற வேறுபாடு நடையைப் பற்றியது, அறத்தைப் பற்றியதன்று.

'பாகீசா' இதனைத் தானே உணர்ந்திருந்தது என்பதிலேதான் அதன் பெருமை உள்ளது. கடிதத்தைப் பொக்கிசமாகப் பேணும் சாஹிப்ஜானிடம் அவள் தோழி, இச்செய்தி உனக்குரியதன்று என்கின்றாள். அவ்வேளையில் உன் காலிற் சலங்கை இருந்திராது, இருந்திருந்தால் நிலத்தில் வைக்காதே என்று எவன் எழுதியிருப்பான் என்பது அவள் வாதம். ஆடிப் பிழைப்பவளுக்கு நிலம் மாசன்று, தொழிற்களம். முடிவிலே தன்னை விரும்பிய அவனுடைய திருமண அவையிலேயே உடைந்த கண்ணாடிமீது ஆடி, வெண்விரிப்பெங்கும் குருதித்தடம் பதிக்கின்றாள் அவள். அழகிய பாதம் என்று எழுதியவன் பார்க்கத் தவறிய ஒன்றை அத்தடங்கள் காட்டுகின்றன: அப்பாதங்களுக்கு உரியவள் ஒருத்தி இருந்தாள். (நோயுற்றிருந்த மீனாகுமாரிக்குப் பதிலாகச் சில ஆடற்காட்சிகளிற் பத்மா கன்னா ஆடினார். பாதத்தை மட்டும் நோக்கும் கண்ணுக்கு அது யாருடையது என்பது தெரியாமற் போவதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.)

எனவே அறவினா, எந்த உறுப்பை விரும்புகின்றான் என்பதன்று. அவ்வுறுப்புக்கு உரியவளை அறிகின்றானா, அவள் இசைவை நாடுகின்றானா என்பதே. சமூகத்தின் இகழ்ச்சி இவ்விடத்தை நோக்குவதேயில்லை. தன் விருப்பத்தை எவரிடமும் கூறாது நாணிக் குன்றும் இளைஞனையும், பேருந்திலே அயலவளின் பாதத்தைக் கைத்தொலைபேசியில் மறைவாகப் படமெடுப்பவனையும் அது ஒரே சொல்லால் ஒறுக்கின்றது. முன்னவன் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆயினும் திரையில் தன்னைக் கோமாளியாகவோ கொடியவனாகவோ மட்டுமே கண்டு பழகியவன், நாளை தன் மனைவியிடமும் வாய்திறக்கமாட்டான், வைத்தியரிடமும் செல்லமாட்டான். பின்னவன் செய்தது களவு. பாதந்தானே என்று சிரித்து விடுவதனால் அப்பெண்ணின் முறைப்பாடும் வேடிக்கையாகி விடுகின்றது. விருப்பத்தை இகழ்ந்து அவள் பாதுகாக்கப்படவில்லை. இருவருக்கும் அநீதியே நேர்ந்தது.

பாதத்தின் அழகையும் அதற்கு உரியவளையும் ஒருங்கே காண இயலாது என்பதற்கில்லை. முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படை, பாடினியைக் கூந்தல் தொடங்கி வருணித்து இறுதியில் அவளடியை வந்தடைகின்றது. ஓடிக் களைத்த நாயின் நாவைப் போன்றது அம்மெல்லடி என்கின்றார் புலவர். வியப்பு அதனோடு நின்றுவிடவில்லை. செந்நிலத்திலே நடந்து பரற்கல் உறுத்தியதால் அப்பாதத்திற் கொப்புளங்கள் எழுந்திருப்பதையும் அவர் கண்டார். வறுமையால் ஊர் ஊராகச் செல்பவளின் கால்கள் அவை. நண்பகலில் அவள் வழிநடையை நிறுத்திக்கொள்வாள் என்பதையும் அங்கேயே சொல்லிச் செல்கின்றார்.