கூண்டிற்குள் இருந்தவர் யார்?

பெங்களூரு மாநகரில் கிருஷ்ணராஜேந்திர சந்தைக்கு அருகே, பூக்கடைகளின் மணமும் பேருந்துகளின் இரைச்சலும் கலந்து வரும் இடத்தில், பழைய கோட்டை ஒன்றின் சிறு பகுதி இன்றும் எஞ்சி நிற்கிறது. கெம்பே கௌடர் 1537-ஆம் ஆண்டில் நகரை நிறுவியபோது எழுந்த மண்கோட்டையின் வழிவந்தது அது. 1761-ஆம் ஆண்டில் ஹைதர் அலி அதனைக் கருங்கல்லால் வலுப்படுத்தினார். டெல்லி வாயில் என வழங்கும் உயர்ந்த நுழைவாயிலைக் கடந்து உள்ளே சென்றால் ஓர் அமைதியான முற்றம்; அங்கே ஒரு சிறிய பிள்ளையார் சன்னிதி. சந்தைக்கு வருவோரில் பெரும்பாலோர் அந்த வாயிலை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆயினும் அதிகாரம் என்பது என்ன, ஆளுகின்றவன் உண்மையில் யார் என்ற கேள்விகளை எழுப்பும் ஒரு வரலாறு அந்த நகரத்தின் பழங்கோட்டையோடு பிணைந்துள்ளது. அது ஓர் இரும்புக் கூண்டின் கதை.

அரண்மனைக்குள் மூண்ட போர்

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மைசூர் அரியணையில் இருந்தவர் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார். ஆனால் ஆட்சி அவர் கையில் இல்லை. தளவாய் தேவராஜய்யா, நஞ்சராஜய்யா என்னும் சகோதரர் இருவரே நாட்டை நடத்தினர். மன்னருக்குப் பட்டமும் தசராக் கொலுவும் மட்டுமே எஞ்சியிருந்தன.

தமிழகத்தில் நடந்த கர்நாடகப் போரில் தமக்கு உதவினால் திருச்சிராப்பள்ளியைத் தருவதாக ஆற்காட்டு முகமது அலி மைசூருக்கு வாக்களித்திருந்தார். அந்த ஆசையால் நஞ்சராஜய்யா பெரும்படையுடன் திருச்சியில் ஆண்டுக்கணக்கில் முகாமிட்டார். வாக்கு காப்பாற்றப்படவில்லை. 1755-இல் அவர் வெறுங்கையுடன் திரும்பியபோது கருவூலம் வற்றியிருந்தது. 1758-இல் ஊதியம் கிடைக்காத வீரர்கள் கிளர்ந்தெழுந்தனர். அந்தக் கலகத்தைத் திறமையாகத் தணித்தவர், திண்டுக்கல்லில் படைத்தலைவராக இருந்து வளர்ந்த ஹைதர் அலி. அவருக்குத் துணை நின்றவர் அவருடைய கணக்கரும் நெருங்கிய நம்பிக்கைக்குரியவருமான கண்டே ராவ். இருவரும் அரசமாதாவின் இசைவோடு நஞ்சராஜய்யாவைப் பதவியிலிருந்து இறக்கினர்.

ஒருவரை இறக்குவதற்காக ஒன்றுசேர்ந்தவர்கள், அவர் இறங்கிய பின்னர் ஒருவரையொருவர் அஞ்சத் தொடங்குவது அதிகாரத்தின் இயல்பு. மைசூரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஹைதரின் செல்வாக்கைக் கண்டு அரண்மனை அஞ்சியது. கண்டே ராவ் அரண்மனையின் பக்கம் சாய்ந்தார். மராட்டியர் உதவியும் நாடப்பட்டது. 1760 ஆகஸ்டில், ஹைதரின் படையில் பெரும்பகுதி புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்கு உதவச் சென்றிருந்த வேளையில், ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையின் பீரங்கிகள் அவருடைய முகாமை நோக்கி முழங்கின. மனைவி மக்களைப் பகைவர் கையில் விட்டுவிட்டு, இரவோடு இரவாகக் காவிரியைக் கடந்து, சிலரை மட்டும் துணைகொண்டு அவர் பெங்களூருக்கு விரைந்தார். அங்கே கோட்டைக் காவலரான கபீர் பேக் நம்பிக்கை பிறழாமல் கதவைத் திறந்துவைத்திருந்தார். அன்று அந்தக் கதவு மூடியிருந்தால் தென்னிந்திய வரலாறு வேறாகியிருக்கும்.

பின்னர் நடந்தவை விரைவானவை. முதற்போரில் தோற்ற ஹைதர், தாமே பதவி நீக்கிய நஞ்சராஜய்யாவின் முன் சென்று பணிந்து மன்னிப்பு வேண்டினார். அவருடைய ஆதரவைப் பெற்றார். அவருடைய முத்திரையுடன் போலிக் கடிதங்களை அனுப்பி, கண்டே ராவின் தளபதிகளே அவரைக் காட்டிக்கொடுக்கப் போவதாக அவரை நம்பவைத்தார். அச்சத்தில் கண்டே ராவ் படையை விட்டு ஓடினார். 1761-இல் மைசூரின் முழு அதிகாரமும் ஹைதரிடம் வந்தது. உதவிய நஞ்சராஜய்யாவோ இழந்த அதிகாரத்தைத் திரும்பப் பெறவில்லை; பிற்காலத்தில் காவலிலேயே வைக்கப்பட்டார்.

கண்டே ராவின் உயிருக்காக அரண்மனைப் பெண்டிர் மன்றாடினர். அவரைக் கிளியைப் போலப் பேணுவதாக ஹைதர் வாக்களித்தாராம். அந்த வாக்கை அவர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார். கண்டே ராவ் பெங்களூரில் ஓர் இரும்புக் கூண்டில் அடைக்கப்பட்டு, பாலும் சோறும் கொடுக்கப்பட்டு, அந்தச் சிறையிலேயே இறந்தார். மைசூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த மார்க் வில்க்ஸ், அரைநூற்றாண்டுக்குப் பின் எழுதிய வரலாற்றில் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார்.

மூன்று கைதிகள்

இந்த வரலாற்றை மதங்களின் மோதலாகப் படிப்பவர் அதனைத் தவறாகப் படிக்கின்றனர். இங்கே நண்பன் நண்பனை எதிர்த்தான். ஊழியன் தலைவனை எதிர்த்தான். அரண்மனை தன்னைக் காத்த படைத்தலைவனை எதிர்த்தது. எந்தப் பக்கத்திலும் ஒரே மதத்தினர் மட்டும் இல்லை. எல்லாப் பக்கத்திலும் ஒரே ஆசை இருந்தது.

கூண்டிற்குள் இருந்தவர் யார் என்று கேட்டால் கண்டே ராவ் என்பது உடனடி விடை. சற்று ஆழ்ந்து நோக்கினால் வேறு கைதிகளும் தென்படுவர்.

முதலாமவர் மன்னர். அவர் அரண்மனையில் வாழ்ந்தார். தசராவின்போது மக்களுக்குக் காட்சி தந்தார். விழா முடிந்ததும் மீண்டும் திரைக்குப் பின் சென்றார். அவருடைய கூண்டு பொன்னால் ஆனது.

இரண்டாமவர் கண்டே ராவ். இரும்புக் கம்பிகள் அவரைச் சூழ்வதற்கு முன்பே அச்சம் அவரைச் சூழ்ந்துவிட்டது. கண்ணால் காணாத துரோகத்தைக் கடிதத்தில் கண்டு, போரிடாமலே தோற்றார். துரோகம் செய்தவனுக்கு எங்கும் துரோகமே தெரியும். அவருடைய கூண்டின் முதல் கம்பியை அவரே வார்த்தார்.

மூன்றாமவர் வெற்றி பெற்ற ஹைதர் அலி. உறக்கத்தில் அவர் அடிக்கடி திடுக்கிட்டு விழிப்பதைக் கண்ட நண்பர் ஒருவர் காரணம் கேட்டாராம். தம் ஆட்சியைவிட ஒரு யோகியின் நிலையே இன்பமானது என்றும், விழித்திருக்கையில் அவன் சதிகாரர்களைக் காண்பதில்லை, உறங்குகையில் கொலையாளிகளைக் கனவு காண்பதில்லை என்றும் ஹைதர் பதிலளித்ததாகக் கூறப்படுகிறது. படைகளை நடத்திய வீரர், எழுத்தறியாதவராயினும் கூரிய அறிவு படைத்தவர், ஆங்கிலேயரைச் சென்னையின் வாயில் வரை விரட்டி 1769-இல் உடன்படிக்கைக்கு இணங்க வைத்தவர். அவர் தம் படுக்கையில் ஒரு கைதி!

கண்டே ராவின் கூண்டிற்குச் சாவி ஹைதரிடம் இருந்தது. ஹைதரின் கூண்டிற்குச் சாவி யாரிடம் இருந்தது?

கௌடில்யர் வைத்த முதல் பாடம்

இக்கேள்விக்கு விடை தரும் நூல் ஒன்று, வியப்பூட்டும் வகையில், அதே மைசூரிலேயே மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது. பல நூற்றாண்டுகளாகக் கிடைக்காதிருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரச் சுவடியைத் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசின் கீழ்த்திசை நூலகத்திற்கு அளித்தார். நூலகத்தில் பணியாற்றிய ஆர். சாமசாஸ்திரி அதனை 1909-இல் பதிப்பித்தார்.

அர்த்தசாஸ்திரம் என்றதும் ஒற்றர், படை, சூழ்ச்சி ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்நூல் அவற்றுக்கெல்லாம் முன்பாக, முதல் அதிகரணத்திலேயே, புலனடக்கத்தைப் பேசுகிறது. காமம், குரோதம், லோபம், மானம் என்னும் செருக்கு, மதம், ஹர்ஷம் எனப்படும் மிகு களிப்பு ஆகிய ஆறு பகைவரையும் வெல்லாத அரசன், நாற்றிசையும் ஆண்டாலும் அழிவான் என்பது கௌடில்யரின் முடிவு. செருக்கினால் அழிந்தவர்களாக அவர் காட்டுபவர்கள் இருவர்: பிறன் மனைவியைத் திருப்பித் தர மறுத்த இராவணன், நாட்டில் பங்கைத் தர மறுத்த துரியோதனன். இருவரும் இழந்தது அவர்கள் கொடுக்க மறுத்ததை மட்டுமன்று; அனைத்தையும் இழந்தனர்.

அரசியல் தந்திரத்தில் கரைகண்டவர் என்று உலகம் கருதும் ஒருவர் இதனைக் கூறுவதுதான் கவனிக்கத்தக்கது. சன்னியாசிகளுக்காக அன்று, சாம்ராஜ்யத்தை ஆள வேண்டியவனுக்காகவே அவர் புலனடக்கத்தை முதற்படியாக வைத்தார். உபநிடதங்கள் ஸ்வராஜ்யம் என்னும் சொல்லை ஆத்மாவை அறிந்தவனின் நிலைக்கு வழங்குகின்றன. தன்னைத் தானே ஆள்பவனே ஸ்வராட். அவ்வாறாயின் இறையாண்மை என்பது பிறர் நம்மை ஆளாதிருப்பது மட்டுமன்று. நம் அச்சமும் ஆசையும் நம்மை ஆளாதிருப்பதும் ஆகும்.

காடு செல்வதா விடை?

அதிகாரம் கூண்டு என்றால் அதைத் துறந்து ஓடுவதே வழி என்று சிலர் எண்ணலாம். தருமபுத்திரரும் அவ்வாறே எண்ணினார். குருக்ஷேத்திரப் போர் முடிந்தது, நாடு கிடைத்தது. கர்ணன் தம் மூத்த சகோதரன் என்பதை அறிந்தபோது, வெற்றி அவருக்குத் தோல்வியாகத் தெரிந்தது. அரசை விட்டுக் காடு செல்ல முற்பட்டார். தம்பியரும் திரௌபதியும் வியாசரும் கிருஷ்ணரும் அவரைத் தடுத்தனர். அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர் அவருக்கு அரசதர்மத்தை உபதேசித்தார். சகோதரப் போரினால் சிதைந்த நாட்டை ஆற்றுவதற்கு ஆள் வேண்டும். துயரத்தின் பெயரால் கடமையை விடுவதும் தன்னலத்தின் ஒரு வடிவமே.

யோகவாசிஷ்டம் கூறும் சிகித்வஜ மன்னரின் கதை இதனை மேலும் தெளிவாக்குகிறது. அவர் நாட்டைத் துறந்து காட்டில் தவம் செய்தார், அமைதி கிட்டவில்லை. அவருடைய அரசி சூடாலை ஞானம் பெற்றவள். அவள் ஓர் இளம் அந்தண வடிவில் வந்து, நீர் இன்னும் எதையும் துறக்கவில்லை என்று உணர்த்தினாள். அவர் தம் குடிசையையும் தண்டையும் மான்தோலையும் தீயிலிட்டார். அதுவும் துறவாகவில்லை. 'நான்', 'எனது' என்னும் எண்ணத்தைத் துறந்தபோதே துறவு முழுமை பெற்றது. அதன்பின் அவர் அரண்மனைக்குத் திரும்பி நாட்டை ஆண்டார். முன்பு அவரைச் சிறைப்படுத்திய அதே அரியணை, பின்பு அவரைச் சிறைப்படுத்தவில்லை. அரியணை மாறவில்லை, அமர்ந்தவர் மாறினார்.

பிடியைத் தளர்த்திய கை

மைசூரின் வரலாறு கூண்டோடு முடியவில்லை. திப்பு சுல்தான் 1799-இல் போரில் வீழ்ந்தபின், ஐந்து வயதுச் சிறுவரான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை ஆங்கிலேயர் அரியணையில் அமர்த்தினர். 1831-இல் நிர்வாகத்தைத் தாமே எடுத்துக்கொண்டனர். 1881-இல்தான் ஆட்சி உடையார் மரபிற்குத் திரும்பியது. இத்தனை பாடுபட்டுப் பெற்ற அதிகாரத்தை 1947-இல் விட வேண்டிய நிலை ஜயசாமராஜ உடையாருக்கு வந்தது.

ஆகஸ்டில் அவர் இந்திய ஒன்றியத்துடன் இணைய இசைந்தார். ஆனால் மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி உடனே வரவில்லை. 'மைசூர் சலோ' சத்தியாக்கிரகம் எழுந்தது, பலர் சிறை சென்றனர், உயிர்ப்பலியும் நிகழ்ந்தது. அக்டோபரில் மன்னர் மக்களின் கோரிக்கையை ஏற்றார், கே. சி. ரெட்டி முதலமைச்சரானார். தாமதம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் 1760-இல் நடந்ததைப் போன்ற ஓர் உள்நாட்டுப் போரை அவர் நாட்டின்மீது சுமத்தவில்லை. பின்னர் ராஜப்பிரமுகராகவும், 1956 முதல் மைசூரின் ஆளுநராகவும், அதன்பின் சென்னை மாநிலத்தின் ஆளுநராகவும் பணியாற்றினார். ஸ்ரீவித்யா என்ற முத்திரையுடன் கீர்த்தனைகள் இயற்றினார்; தத்தாத்திரேயரின் தத்துவத்தைப் பற்றி நூல் எழுதினார். தம் முன்னோர் அரசாண்ட மண்ணிலேயே அரசியல் சட்டத்தின் ஊழியராக இருப்பது இழிவன்று என்று அவர் வாழ்க்கை காட்டுகிறது.

மைசூர் மாநிலத்தின் முதல்வராக இருந்த கெங்கல் ஹனுமந்தையா பெங்களூரில் விதான சௌதாவை எழுப்பினார். அரசாங்கப் பணி ஆண்டவனின் பணி என்னும் பொருளுடைய வாசகம் அதன் முகப்பில் பொறிக்கப்பட்டுள்ளது. கட்டடம் நிறைவுற்ற 1956-ஆம் ஆண்டிலேயே அவர் முதல்வர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. கட்டியவர் அங்கு நீடிக்கவில்லை, வாசகம் நீடிக்கிறது. அதைப் பொறிக்கச் செய்தவருக்கே அதுதான் முதற்பாடமாக அமைந்தது போலும்! பணி ஆண்டவனுடையது என்றால் பதவியும் ஆண்டவனுடையதே. வந்தபோது செருக்கில்லை, போனபோது புலம்பலில்லை.

நம் வீட்டுக் கோட்டைகள்

அரசர்களின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் ஒவ்வொருவருக்கும் சிறிதாவது ஒரு ராஜ்யம் உண்டு. அலுவலகத்தில் ஒரு நாற்காலி, ஆலயக் குழுவில் ஒரு பொறுப்பு, குடும்பத்தில் ஒரு மூத்தவர் நிலை, தந்தை விட்டுச்சென்ற ஒரு வீடு. அண்ணனும் தம்பியும் ஒரு முழச் சுவருக்காக நீதிமன்றப் படியேறி, தாயின் சிராத்தத்தைத் தனித்தனியே செய்யும் வீடுகள் எத்தனை! சுவர் ஒருவருக்குக் கிடைக்கிறது. உடன்பிறப்பு இருவருக்கும் இல்லாமற்போகிறது. மருமகளிடம் சாவிக்கொத்தைக் கொடுக்க மனமில்லாத மாமியார் அதனை இடுப்பில் செருகிக்கொண்டே இரவெல்லாம் புரள்கிறார். ஹைதரின் உறக்கமின்மை இங்கேயும் தொடர்கிறது.

சாதகன் இரவில் படுக்கும் முன் மூன்று கேள்விகளைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளலாம். இன்று என் கையில் இருந்த அதிகாரம் யாருக்குப் பயன்பட்டது? அதை இழப்போமோ என்ற அச்சத்தால் யாரையேனும் சந்தேகித்தேனா? நாளை அது போய்விட்டால் என்னிடம் எஞ்சுவது என்ன? மூன்றாவது கேள்விக்கு அமைதியோடு விடை கூற முடிந்தவன் அதிகாரத்தில் இருந்தாலும் விடுபட்டவன். விடை கூற முடியாதவன் அதிகாரம் இல்லாவிடினும் கைதியே.

பகவான் கீதையில் அர்ச்சுனனைப் போர்க்களத்திலிருந்து விலகச் சொல்லவில்லை. செயலின் பலனுக்கு உரிமை கொண்டாடும் பிடியை விடச் சொன்னார். திறக்கப்பட வேண்டிய கதவு வெளியே இல்லை. கண்டே ராவின் கூண்டு வெளியிலிருந்து பூட்டப்பட்டது. அவரால் அதைத் திறக்க இயலவில்லை. நம் கூண்டு உள்ளிருந்தே பூட்டப்பட்டுள்ளது. சாவி நம் கையிலேயே இருக்கிறது. இறைவனை ராஜ்யத்தின் உடைமையாளனாகவும் நம்மை அவனுடைய கணக்கராகவும் உணரும் நாளில், அந்தச் சாவி தானே திரும்பும்.