விருந்தினர்க்கும் கடமை உண்டோ?

விருந்தோம்புவார் கடமையைப் பற்றி நம் இல்லங்களில் நிறையவே பேசியிருக்கிறோம். சாவகர்க்குரிய நோன்புகளுள் அதிதி சம்விபாகமும் ஒன்று. உணவளிக்கும் முறையையும் அளிப்போரின் உள்ளநிலையையும் நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆனால் பிறர் இல்லத்தில் நாமே விருந்தினராய் அமர்ந்தால் நம் கடமை யாது? இவ்வினா எழுபதை எட்டிய பின்னரே நம் உள்ளத்தில் எழுந்தது.

2018 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் இறுதியில், ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரில், நம் மகனுடன் பணிபுரிபவரின் இல்லத்தில் மூன்று நாள் தங்கினோம். அப்பருவத்தில் அங்கே மாலை ஐந்து மணியைச் சற்றுக் கடந்ததும் கதிரவன் மறைந்துவிடுகிறான். நாம் இரவில் உண்ணோம் என்றும், புலாலும் மீனும் கிழங்கும் ஆகா என்றும் மகன் முன்னரே சொல்லியிருந்தான். இல்லத்தலைவியார் குடும்பத்தின் இரவுணவையே நான்கரை மணிக்கு மாற்றிவிட்டார். கணவர் அலுவலகத்தினின்று விரைந்து வந்தார். மூதாட்டியாகிய மாமியாரும் பள்ளிச் சிறுமியும் பசியில்லாமலே உடன் அமர்ந்தனர்.

சோறு, கீரை, டோஃபு, ஒரு கிண்ணம் மிசோச் சாறு. இரண்டு வாய் அருந்திய பின் அயலான மணமொன்று தோன்றிற்று. எதனால் ஆயது என வினவுமாறு மகனிடம் கூறினோம். "கேட்காதிருப்பதே நன்று அம்மா, அவர் வருந்துவார்" என்றான். ஆயினும் கேட்டோம். அவ்வம்மையார் கையால் வாயை மூடிக்கொண்டார். அச்சாற்றின் அடிநீர், உலர்த்திப் புகையூட்டிய மீனின் சீவல்களை இட்டு வடித்தது. தாளிக்கும் கடுகை நாம் ஒரு காய்கறியாக எண்ணாதது போலவே, அந்நாட்டார் அதனை மீன் என்று எண்ணுவதில்லை.

பிழை எவருடையது? கருத்தின்மையால் விளையும் உயிர்க்கேட்டையே கொலை என்கிறது தத்துவார்த்த சூத்திரம். அக்கருத்தின்மை நம்முடையதே. வினாவைத் தெளிவாக எழுதாமல் விடையைக் குறைகூறலாகாது என்று முப்பது ஆண்டுகள் மாணவர்க்குச் சொன்ன நாம், சாறு எதனால் ஆகும் என்று ஒரு சொல் முன்னரே கேட்டிருக்கவில்லை. கேட்டது சரியே என இன்றும் கருதுகிறோம். வாய்திறவாது இருந்திருப்பின், தாம் கொடுக்க விரும்பாத ஒன்றை அவர் அறியாமலே மூன்று நாளும் கொடுத்திருப்பார்.

ஆனால் மறுநாள் இதனினும் கடிய வினா எழுந்தது. கடற்பாசியை இரவே நீரில் ஊறவைத்து, விடியுமுன் எழுந்து புதிதாகச் சாறு வடித்திருந்தார் அவர். (அப்பாசிக்கு அவர்கள் மொழியில் கொம்பு என்று பெயர்; சிறுமி சொல்லக் கேட்டு நகைத்தோம்.) அன்றும் நான்கரை மணிக்கே அனைவரும் உண்டனர். நம் நோன்பை நாம் காத்தோமா, ஐவர் கூடி நமக்காகக் காத்தனரா? பிறர் உழைப்பில் நிற்கும் நோன்பு யாருடைய கணக்கில் சேரும்?

இதற்கு அஞ்சி, மூன்றாம் நாள் பழமும் வெறுஞ்சோறுமே போதும் என்றோம். அம்மையாரின் முகம் வாடிற்று. பணிவென நாம் கருதியது அவருக்கு மறுப்பாகவே பட்டது. அதில் நம் செருக்கும் சிறிது கலந்திருந்தது. பிறர்க்குக் கடன்பட விரும்பாமையும் ஒருவகைப் பற்றுத்தானே? சாற்றைக் கேட்டு வாங்கி அருந்தினோம்.

அந்நாட்டில் உணவு முடிந்ததும் "கொச்சிசோசமா" என்பர். அச்சொல்லுள் விருந்தினர்க்காக அங்குமிங்கும் ஓடித் திரிதல் என்னும் பொருள் அடங்கியுள்ளதென மகன் விளக்கினான். மாமியாரிடம் அதனைச் சொல்ல முயன்றோம். இருமுறை நம் ஒலிப்பைத் திருத்தினார். மூன்றாம் முறை தலையசைத்தார்.