நெல்லுக்கு வந்த தண்ணீர்

பொள்ளாச்சி அருகே ஆழியாற்றின் பழைய ஆயக்கட்டில் தென்னை ஏறி வருகிறது. முதலில் வரப்போரம் நாலு கன்று ஊன்றுவார்கள். அவை ஓலை விரித்து நிழல் கட்டியதும் நடுவயலிலும் குழி எடுப்பார்கள். அதன்பின் அங்கே நாற்று நட முடியாது. சோற்றுக்கு ஆகும் நிலத்தைக் காசுக்குத் திருப்புவது தவறுதானா?

தவறு என்போரில் பெரும்பாலோர் அரிசியை விளைவிக்காமல் உண்பவர்கள். 2024-25 பருவத்தில் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய், அதாவது கிலோ 23 ரூபாய். பேருந்து நிலையத்தில் இரண்டு டீ குடித்தால் தீர்ந்துவிடும் தொகை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலையே இல்லை. பசியைத் தள்ளிவைத்த நல்ல திட்டம் அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அரிசியின் விலை மறந்துபோன ஊர், நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் தேடி அலைகிறவரிடம் போய் அறம் பேசுவது பொருந்தவில்லை. பண்டைக்காலத்தில் ஆற்றங்கரைகளில் சிலர் தம் தேவைக்கு மேல் விளைவித்ததால்தான் மற்றவர்கள் குயவராகவும் கொல்லராகவும் கணக்கெழுதுபவராகவும் ஆக முடிந்தது. நகரங்கள் எழுந்ததும் அப்படித்தான். கடன்பட்டவர்கள் உண்பவர்களே. கொடுத்தவரிடமே இன்னும் கொடு என்று கேட்க அவர்களுக்கு வாயில்லை.

நிலத்தைப் பொறுத்தவரை விவசாயியின் பக்கமே நியாயம் இருக்கிறது. தண்ணீர் விஷயம் வேறு.

1960களின் தொடக்கத்தில் ஆழியாறு அணை எழுவதற்கு வெகுகாலம் முன்பே, ஆற்றுக்குக் குறுக்கே இருந்த அணைக்கட்டுகளிலிருந்து வாய்க்கால் பிரித்து இங்கே நெல் விளைந்தது. அந்த நெல்லை முன்னிட்டே பழைய ஆயக்கட்டுக்கு நீரில் முன்னுரிமை நிலைத்தது. பின்னால் வந்த பொள்ளாச்சி, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடைக் கால்வாய்களின் நிலங்கள் மண்டலம் பிரித்து முறை வைத்துக் காத்திருக்கின்றன. தமிழ்நாடு கேரளத்துடன் செய்த 1970 ஒப்பந்தப்படி அங்குள்ள சித்தூர்ப் பகுதிக்கும் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி போக வேண்டும். இத்தனை பேர் கேட்டு நிற்கும் தண்ணீரில், நெல்லை விட்டவர் நெல்லுக்கு வந்த முன்னுரிமையை மட்டும் விடாமல் வைத்திருப்பது சரியாகப் படவில்லை.

இந்த வழக்கில் பங்கு கேட்காத ஒரு தரப்பும் உண்டு. நெல் வயலில் நாற்றுப் பிடுங்க, நட, களையெடுக்க எனப் பெண்களுக்குப் பருவந்தோறும் வேலை இருந்தது. தோப்பில் காய் இறக்கவும் மட்டை உரிக்கவும் ஆண்கள் சிலர் வந்தால் போதும். வயல் தோப்பானபோது பாரம் இறங்கியது உடைமைக்காரருக்கு. கூலியை இழந்தவர்கள் அந்தப் பெண்கள். அவர்கள் பெயரில் பட்டாவும் இல்லை, மடையும் இல்லை. அதனால் பாசனச் சபைக் கூட்டத்தில் அவர்கள் பேச்சு எழுவதே இல்லை. மாற்றத்தின் தீமை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தென்னைக்காரரும் நிம்மதியாக இல்லை. சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாக 2016இல் கண்டறியப்பட்ட இடங்களில் பொள்ளாச்சியும் ஒன்று. கேரளத்திலிருந்து வந்த வேர் வாடல் நோயும் இங்கே தோப்புகளைத் தின்கிறது. அவரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவதால் ஒரு படி நெல்லும் கூடுதலாக விளையாது. இன்னும் நெல் போடுகிறவருக்கு ஏக்கர் கணக்கில் ஊக்கத்தொகை கொடுத்து, அந்தச் செலவை உண்பவர்களின் வரிப்பணம் ஏற்கட்டும். தோப்பாக்கியவர் சொட்டுநீருக்கு மாறி, புதிய ஆயக்கட்டுக்காரரைப் போலவே தம் முறை வரும்வரை காத்திருக்கட்டும்.