முதல்லேர்ந்து ஆடலாமா?

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அவருடைய அம்மாவும் பத்து வயசுப் பையனும் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு 7 குழி, குழிக்கு 5 சோழி. முதல் ஆட்டத்தில் பேரன் தோற்றுவிட்டான். கையில் மிஞ்சியது 20 சோழி. அடுத்த ஆட்டத்துக்கு 4 குழியை நிரப்பினான். மீதி 3 குழி காலி. அந்த ஆட்டம் முழுக்க அவற்றில் சோழி போடக் கூடாது.

“போ பாட்டி, முதல்லேர்ந்து ஆடலாம்!”

“இதான்டா முதல்லேர்ந்து” என்றார் பாட்டி.

யோசித்துப் பாருங்கள். செஸ், கேரம் எல்லாம் மறதிக்கார ஆட்டங்கள். பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்தாலும், அடுத்த ஆட்டத்தில் எல்லோரும் பழையபடி முதல் கட்டத்தில்தான். பல்லாங்குழி அப்படியில்லை. தோற்றவன் தோல்வியைத் தூக்கிக்கொண்டுதான் அடுத்த ஆட்டத்துக்கு வருகிறான். ஆய்வாளர் தொ. பரமசிவன் இந்த ஆட்டத்தைத் தனிச்சொத்துரிமையோடு சேர்த்துப் பேசியது சும்மா இல்லை.

அமெரிக்காவில் ராப் டேவியோ என்பவர் 2011-ல் ‘ரிஸ்க் லெகசி’ என்று ஒரு பலகை ஆட்டம் கொண்டுவந்தார். அது இன்னும் ஒரு படி மேலே. ஜெயித்தவர் பலகையிலேயே பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும். நகரங்களுக்குப் பெயர் வைத்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சில சீட்டுகளைக் கிழித்தே எறிய வேண்டும். காசு கொடுத்து வாங்கியதைக் கிழிக்கக் கை வருமா? அதுதான் விஷயம். திரும்ப ஒட்ட முடியாது என்று தெரிந்தால்தானே, செய்வதற்கு முன் கை கொஞ்சம் தயங்குகிறது!

ஊர்கூட மறப்பதில்லை. 1734-ல் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் இது. ‘சின்னத் தறிப் பேட்டை’தான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். தறி போய்விட்டது, பெயர் போகவில்லை.

காபி குடித்துக்கொண்டே நண்பர் சொன்னார்: “பழசையெல்லாம் மறந்துடுவோம், முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன் சார். அவன்தான் இறங்கி வரமாட்டேங்கிறான்.”

நண்பர் இருப்பது அப்பா கட்டிய வீட்டில். தம்பி இருப்பது வாடகை வீட்டில்.

கவனித்திருக்கிறீர்களா? ‘பழசை மறந்துடலாம்’ என்று முதலில் சொல்பவர் பெரும்பாலும் குழி நிறைந்தவராகவே இருக்கிறார். காலிக் குழிக்காரருக்கு மறக்க வழியில்லை, அது கண்ணெதிரே இருக்கிறது. அதற்காக அவர் காலிக் குழியையே வெறித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் நாலு குழியை ஆடாமல் விட்டாலும் நஷ்டம் அவருக்குத்தான். நாலு குழியில் ஆடி ஜெயித்தவர்கள் உண்டு. ஆனால், அந்த அறிவுரையைச் சொல்லும் யோக்கியதை ஜெயித்தவருக்கு இருக்கிறதா? நடந்ததை அழிக்க முடியாது, சரி. எடுத்ததில் கொஞ்சம் திருப்பித் தர முடியுமே! அதைச் செய்யாமல் மறக்கச் சொல்வது சமாதானம் இல்லை, சௌகரியம்.

கூடத்தில் பையன் இன்னும் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாட்டி தன் பக்கம் மிஞ்சிக் கிடந்த சோழிகளில் ஐந்தை எடுத்து அவனுடைய காலிக் குழி ஒன்றில் போட்டார்.

“கடன்தான். ஜெயிச்சுக் குடு. இப்ப ஆடு.”

பையன் ஆட ஆரம்பித்தான். நண்பர் பார்க்கவில்லை. டி.வி-யில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

நீங்கள் யாரிடமாவது ‘முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்’ என்று சொல்லியிருக்கிறீர்களா? சொன்னபோது, உங்கள் பக்கம் எத்தனை சோழி இருந்தது?