இரவு விழிக்கும் ஆயாவுக்கு என்ன கூலி?

கொடுக்கல் வாங்கலில் சுத்தம் வேண்டும் என்பது நம் வணிகர்களுக்குப் புதிய பாடமன்று. பாரிட் புந்தாரில் ஒரு மூட்டை அரிசி கைமாறினாலும் எடை, விலை, தவணை மூன்றையும் முன்கூட்டியே பேசி முடிக்கிறோம். ஆனால் வீட்டில் குழந்தை பிறந்து, நாற்பது கழியும்வரை இரவில் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆயாவை அமர்த்தும்போது மட்டும், "வாங்கம்மா, பார்த்துச் செய்வோம்" என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். இது முறைதானா என்பதை நாம் ஆராய வேண்டும்.

பச்சிளங்குழந்தை இரண்டு மூன்று மணிக்கொரு தரம் பாலுக்கு அழும். இரவு 10 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போகும் ஆயா மூன்று முறையேனும் எழுந்திருக்க வேண்டும். துணி மாற்றி, தாயிடம் பால் குடிக்கக் கொடுத்து வாங்கி, ஏப்பம் வரும்வரை தோளில் சாய்த்துத் தட்டி, மறுபடி உறங்க வைப்பதற்குள் ஒவ்வொரு முறையும் நெடுநேரம் கழிந்துவிடும். விடிந்தபின் வேறு வேலைக்குப் போகவும் உடம்பில் தெம்பு இராது.

"நடுவில் தூங்குகிறாரே, தூக்கத்துக்கும் கூலியா?" என்று கேட்போர் உண்டு. இக்கேள்வி இங்கிலாந்தில் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. கற்றல் குறைபாடுள்ளோரை அவர்தம் இல்லத்திலேயே தங்கிக் கவனித்த ஒரு பெண், இரவு முழுவதற்கும் குறைந்தபட்ச ஊதியம் கேட்டார். தூங்கும் நேரத்துக்கு அது இல்லை, விழித்துப் பணி செய்யும் நேரத்துக்கே உண்டு என்று 2021 மார்ச்சில் தீர்ப்பாயிற்று. அவ்வழக்கில் அந்தப் பெண் பதினாறு மாதங்களில் எழ நேர்ந்தது ஆறே முறை! கைக்குழந்தை ஆறு முறை எழுப்ப இரண்டு இரவு போதும். ஆகவே அத்தீர்ப்பை எடுத்துக்காட்டி நம் ஆயாவின் கூலியைக் குறைப்பது பொருந்தாது. நம் கடைக் காவலாளி இருந்த இடத்திலேயே கண்ணயர்ந்தாலும், அவருடைய இரவு முழுவதும் நம்முடையது என்பதால்தானே சம்பளம் தருகிறோம்? அழைத்தால் எழவேண்டிய கட்டுப்பாட்டில் இருக்கும் நேரமும் வேலை நேரமே என்பதுதான் வீட்டுப் பணியாளர் பற்றிய 2011ஆம் ஆண்டின் அனைத்துலகத் தொழில் உடன்படிக்கையின் கருத்தும்.

நம் நாட்டுச் சட்டம் இதில் நமக்கு அதிகம் உதவாது. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது; ஆனால் வீட்டுப் பணியாளருக்கு அது பொருந்தாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் வேலை நேரப் பகுதியும் அவர்களுக்கில்லை. சட்டம் கேட்காத இடத்தில் மனச்சாட்சிதான் கேட்க வேண்டும்.

மார்க்கம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. மணவிலக்குப் பெற்ற தாய் தன் பிள்ளைக்கே பாலூட்டினாலும் தந்தை அவளுக்குக் கூலி கொடுக்க வேண்டும், இருவரும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும் என்பது திருமறையின் தலாக் அத்தியாயம் தரும் கட்டளை. பெற்றவளின் பாசமே கூலியைத் தள்ளுபடி செய்யவில்லை என்றால், பிறர் பிள்ளைக்காகக் கண்விழிப்பவரின் பாசத்தைக் கணக்கில் கழித்துக்கொள்வது எப்படி?

பாலூட்டும் செவிலியை உணவும் உடையும் மட்டும் பேசி அமர்த்தலாமா என்று ஹனபி சட்ட அறிஞரிடையே ஒரு விவாதம் உண்டு. ஹிதாயா நூல் அதை எடுத்துரைக்கிறது. அளவு தெரியாத கூலி செல்லாது என்றனர் மாணவர்களான இமாம் அபூ யூசுபும் இமாம் முஹம்மதும். ஆசிரியர் இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அதை அனுமதித்தார்கள். பிள்ளைமீதுள்ள அன்பால் மக்கள் செவிலிக்குத் தாராளமாகவே கொடுப்பது வழக்கம், எனவே அங்கே தகராறுக்கு இடமில்லை என்பது காரணம். இக்காரணத்தை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். தாராளம் இருக்கும்வரைதான் அந்த அனுமதிக்கு நியாயம் உண்டு. "பார்த்துச் செய்வோம்" என்பது குறைத்துச் செய்வதற்கு வழியாகிவிட்டால், கூலியை முன்னரே பேசுவதே பாதுகாப்பு.

அப்படியானால் எவ்வளவு? மாதம் 1,700 வெள்ளி என்பது மணிக்கு 8 வெள்ளி 17 காசு. எட்டு மணி நேரத்துக்கு 65 வெள்ளிக்குச் சற்று அதிகம். இதற்குக் கீழே இறங்குவது நியாயமாகாது. பகலில் உழைத்த தொழிலாளி கூடுதல் நேரம் நின்றால் ஒன்றரை மடங்கு தருகிறோம். இரவு விழிப்புக்கும் அதே அளவு வைத்தால் 98 வெள்ளி ஆகும். சாப்பாடும் பழைய துணியும் அன்பளிப்பு. அவற்றைக் கூலியில் கழிக்கலாகாது.

"குறைவாகச் சொன்னேன், அவரே சம்மதித்தாரே" என்பதும் முழு நியாயமன்று. முடைக்கு விற்பவனிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குவதை நல்ல வணிகர் பெருமையாகச் சொல்வதில்லை.

98 வெள்ளி வீதம் நாற்பது இரவுக்கு 3,900 வெள்ளியைத் தாண்டும். சிறு கடைக்காரருக்கு இது பெருந்தொகை என்பதை மறுக்கவில்லை. இயலாதவர் கூலியைக் குறைக்காமல் இரவுகளைக் குறைக்கட்டும். ஒருநாள்விட்டு ஒருநாள் ஆயா வரட்டும். மற்ற இரவுகளில் தந்தையே எழுந்து பிள்ளையைத் தோளில் போடட்டும். அவ்வாறு சில இரவு விழித்தவருக்கு, இந்தக் கூலி அதிகமா குறைவா என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிராது.

வியர்வை உலருமுன் கூலி கொடுங்கள் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. இரவுப் பணிக்கு, காலையில் அவர் வாசற்படி இறங்குமுன் கணக்குத் தீர்ப்பதே அதற்கேற்ற நடை.