கடனும் நாணயமும்



நம் தாய்மொழியில் நாணயம் என்னும் ஒரே சொல் கையிலிருக்கும் காசையும் குறிக்கும், மனிதனின் நேர்மையையும் குறிக்கும். காசை இழந்தவன் நேர்மையையும் இழந்தவனோ? இல்லை. வியாதியாலோ, வேலை போனதாலோ, விளைச்சல் பொய்த்ததாலோ தவணை தவறியவன் அதனால் பாவியாகிவிட மாட்டான். இயலாமை கடனைத் தள்ளிப்போட நியாயம் தரும், கடமையை நீக்காது. கையில் பணம் வந்தபின்னும் கொடுக்க மனமில்லாதவனே நாணயம் கெட்டவன்.

இக்காலத்தில் இந்த நாணயத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். சிபில் மதிப்பெண் 300-க்கும் 900-க்கும் இடைப்பட்டது. தவணை தவறினால் இறங்கும். ஒழுங்காகக் கட்டிவந்தால் மெல்ல ஏறும். ஒரே வாரத்தில் உயர்த்தித் தருகிறோம் என்று பணம் கேட்போரை நம்ப வேண்டாம். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை வாங்கிப் பாருங்கள். அடைத்த கடன் பாக்கியென்று இருந்தால் எழுதிக் கொடுத்துத் திருத்தச் செய்யுங்கள். வங்கி சம்மதித்துக் குறைத்துக்கொண்ட தொகையைக் கட்டினால் மனச்சாட்சிக்குப் பாரமில்லை. ஆனால் அறிக்கையில் அது ‘செட்டில்டு’ என்றே நிற்கும். இயன்றவர்கள் முழுவதும் கட்டுவதே நலம்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். பலருக்குக் கடன்பட்டவன் யாருக்கு முதலில் கொடுப்பது? வாசலில் வந்து கூச்சலிடுகிறவனுக்கே கொடுப்பது மனித சுபாவம். மதிப்பெண்ணை நினைத்து வங்கிக்குக் கட்டுவோரும் உண்டு. ஆனால் மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த சீட்டுப் பணத்தை, பத்திரம் கேளாமல், உங்கள் முகத்தை நம்பிக் கொடுத்த பக்கத்து வீட்டு விதவையின் கடன் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. மளிகைக் கடைக்காரரின் பற்று நோட்டும் அப்படியே. அவர்கள் கேட்க வெட்கப்படுகிறார்கள். அதனாலேயே கடைசியில் தள்ளப்படுகிறார்கள். இது நீதியாகுமா? கேளாதிருப்பது மன்னித்ததாகாது.

வட்டி மிகுந்த கடனை முதலில் அடைப்பது புத்தி. அதோடுகூட, மாதந்தோறும் ஒரு சிறு தொகையாவது அந்த எளியவர்களுக்குக் கொடுத்துவருவது நீதி. ஒன்றுமில்லாத மாதத்தில் ஒளிந்து திரியாமல் நேரில் போய் நிலைமையைச் சொல்லுங்கள். கடன் தீருமட்டும் புதுநன்மை விருந்துக்கும் ஞானஸ்நான விருந்துக்கும் நகையை அடகு வைக்காதீர்கள்.

எலிசேயு தீர்க்கதரிசியிடம் வந்த விதவையை அறிவீர்கள். கடன் கொடுத்தவன் அவள் பிள்ளைகள் இருவரையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்திருந்தான். வீட்டிலிருந்த கொஞ்ச எண்ணெய் புதுமையாகப் பெருகியபோது, அதை விற்று முதலில் கடனைத் தீர்க்கவும், மிஞ்சியதைக்கொண்டு சீவிக்கவும் தீர்க்கதரிசி சொன்னார். எண்ணெய் வார்க்கும் பாத்திரங்களோ அண்டை வீட்டார் இரவல் கொடுத்தவை. கடன்பட்ட குடும்பத்தைத் தூற்றாமல் கைகொடுப்பது அண்டை வீட்டாராகிய நம் கடமையுமாகும்.

இந்த வாரம் குடும்பமாக உட்கார்ந்து, யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். பத்திரமில்லாத கடன்களையும் மறவாமல் அதில் சேருங்கள்.

உங்கள் பங்குக் குரு